உரக்குவியலில் எறும்பு: பொடியைத் தூவும் முன் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள்

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 62. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. கொல்லையில் மதில் சுவரை ஒட்டி ஒரு வருடத்துக்கும் மேலாக உரக்குவியல் வைத்திருக்கிறார். காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, கூட்டி அள்ளிய சருகு எல்லாம் அதில்தான் போகும். முதல் தடவை கிடைத்த உரத்தில் மிளகாய்ச் செடி அருமையாக வந்ததாம். அப்புறம் முழங்கால் வலி வந்துவிட்டது. மூன்று மாதமாகக் குவியலைக் கிளறவில்லை, மேலே கொண்டுபோய்க் கொட்டுவது மட்டும் நடந்திருக்கிறது.

போன மாதம் மண்வெட்டியால் ஓரத்தைத் தொட்டதும் சின்னச் சின்னச் செவ்வெறும்புகள் கூட்டமாகப் பொங்கி வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் வாயில் வெள்ளை முட்டைகளைக் கவ்விக்கொண்டு ஓடியிருக்கின்றன. பக்கத்தில் நின்ற ஐந்து வயதுப் பேரனின் காலில் ஏறிக் கடித்துவிட்டன. மறுநாள் கால் முழுக்கக் கொப்புளம். மகனுக்குக் கோபம். எறும்புப் பொடி டப்பா ஒன்றை வாங்கி வந்து, "பொடியைப் போடுங்கள், இல்லாவிட்டால் குவியலையே அள்ளி வெளியே போட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டார். தன் சமையலறைக்கு வரும் எறும்பெல்லாம் இந்தக் குவியலிலிருந்துதான் வருகிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். தோழி ஒருவர் வெந்நீர் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் சுண்ணாம்பு தூவச் சொல்கிறார்.

வாசகியின் கேள்விகள் இவை. உரம் கெட்டுப்போய்விட்டதா? எறும்பு செடியின் வேரைத் தின்றுவிடுமா? பொடி போட்டால் அந்த உரத்தைக் காய்கறிக்குப் போடலாமா? பக்கத்து வீட்டார் சொன்னால் குவியலை எடுத்துத்தான் ஆக வேண்டுமா? கடைசியாக ஒரு வரி: "அத்தனை குஞ்சுகளையும் தூக்கிக்கொண்டு அவை ஓடுவதைப் பார்த்த பிறகு கொல்ல மனசு வரவில்லை. இது பைத்தியக்காரத்தனமா?"

அன்புள்ள அம்மா,

பொடியை இன்னும் தூவவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அந்த டப்பாவை இறுக மூடி, பேரன் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை.

மண்ணையும் உரத்தையும் பற்றி ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. இத்தனை வருடத்தில் எறும்பு குடியிருந்ததால் கெட்டுப்போன உரத்தை நான் பார்த்ததே இல்லை. எறும்புக்குப் பயந்து மருந்து போட்டுக் கெடுத்துக்கொண்ட உரத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு வருட உழைப்பைக் கண்ணெதிரே குழி தோண்டிப் புதைக்க வேண்டிவந்தவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. உங்களுக்கு அது நேரக்கூடாது.

முதலில் பேரனின் கால்

நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் தோட்டத்தில் கை வைக்கும் எவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய சில விஷயங்கள் உண்டு. சிறிய உருவம், செம்பழுப்பு நிறம், தொட்டதும் கூட்டமாகக் காலில் ஏறுவது, மறுநாள் வெள்ளை முனையோடு கொப்புளம் என்று நீங்கள் சொல்லும் அடையாளங்கள் நெருப்பெறும்பு வகைக்குப் பொருந்துகின்றன. இவை கடிப்பதோடு நிற்பதில்லை. வாயால் தோலைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்துக் கொடுக்கால் கொட்டும். பிடித்த பிடியை விடாமல் உடம்பை மட்டும் திருப்பித் திருப்பிப் பலமுறை கொட்டும். கொப்புளங்கள் சில இடங்களில் வட்டமாக இருந்ததாக எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுதான்.

அந்தக் கொப்புளத்துக்குள் இருப்பது கிருமியால் வந்த சீழ் இல்லை. எறும்பின் நஞ்சு பட்டு அந்த இடத்துத் திசு செத்ததால் வருவது. உடைக்காமல் விட்டால் ஒரு வாரம், பத்து நாளில் தானாக வற்றிவிடும். நகத்தால் கிள்ளி உடைத்தால்தான் வெளிக்கிருமி உள்ளே போய் உண்மையாகவே சீழ் வைக்கும். இனி ஒருமுறை கொட்டினால் முதலில் எறும்புகளைக் கையால் வேகமாகத் துடைத்துத் தள்ளுங்கள். உதறினால் போகாது. சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஈரத்துணியை வைத்து, பேரனின் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். அரிப்புக்கு மாத்திரை கொடுப்பதானால் குழந்தை மருத்துவரைக் கேட்டுக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். கொட்டிய இடத்தைத் தாண்டி உடம்பெங்கும் தடிப்பு, உதடோ முகமோ வீங்குவது, மூச்சுத் திணறல், தலைசுற்றல், தொடர்ந்து வாந்தி, இதில் எது வந்தாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே அவசர சிகிச்சைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போன தடவை கொப்புளத்தோடு போய்விட்டதே என்று அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். ஒவ்வாமை முதல் தடவையில் தெரியாமல் இருந்து, அடுத்தடுத்த கொட்டுகளில் வெளிப்படலாம். இந்த விஷயத்தில் உங்கள் மகன் கவலைப்படுவது நியாயம்தான். குவியல் சரியாகும்வரை பேரன் அந்தப் பக்கம் வெறுங்காலோடு போகக் கூடாது. நடுவில் ஒரு கயிறாவது கட்டிவிடுங்கள்.

அவை ஏன் வந்தன

பழத்தோல் போட்டதால் இனிப்புக்கு எறும்பு வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். தின்ன வருவது வேறு, குடியிருக்க வருவது வேறு. இனிப்புக்கு வருகிற எறும்பு வரிசை போட்டு வந்து, எடுத்துக்கொண்டு போய்விடும். புற்று வைத்துக் குஞ்சு வளர்க்க வேண்டுமானால் எறும்புக்கு வேறு சில வசதிகள் தேவை. இடம் உலர்ந்திருக்க வேண்டும், உள்ளே காற்றோட்டமும் இளஞ்சூடும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் வந்து தொந்தரவு செய்யக் கூடாது. மூன்று மாதம் கிளறாமல், தண்ணீர் படாமல் கிடந்த உங்கள் குவியல் இத்தனையும் கொடுத்திருக்கிறது. அதற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள், முழங்கால் வலியோடு யாரால் குனிந்து கிளற முடியும்?

இப்போது ஒரு சோதனை. கையுறை போட்டுக்கொண்டு, எறும்பு இல்லாத பக்கமாக, ஒரு முழம் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி எடுங்கள். நன்றாக இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு நீர் கசிந்து, கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நின்றால் ஈரம் சரி. தாரையாக ஒழுகினால் ஈரம் அதிகம். உங்கள் கையில் அது உருண்டையே பிடிக்காமல் பொலபொலவென்று உதிரும் என்றுதான் நினைக்கிறேன். மக்கிக்கொண்டிருக்கும் குவியலின் எடையில் 50 முதல் 60 சதவீதம் நீராக இருக்க வேண்டும். 40-க்குக் கீழே போனால் நுண்ணுயிர்களின் வேலை தளர்ந்துவிடும். வேலை தளர்ந்தால் சூடு இறங்கும், சூடு இறங்கினால் எறும்புக்குக் கதவு திறந்ததுபோல்.

உயரமும் ஒரு காரணம். குவியல் முழங்கால் அளவுதான் இருக்கிறது என்கிறீர்கள். உள்ளே பிறக்கிற சூட்டைப் பிடித்துவைக்க, நீளம், அகலம், உயரம் மூன்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வேண்டும். அப்படி அமைந்த குவியலில் ஈரக் கழிவும் சருகும் சரியாகக் கலந்திருந்தால் சில நாளிலேயே நடுப்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். அந்தச் சூட்டில் எறும்புக் குஞ்சு பிழைக்காது, அதனால் எறும்பும் அங்கே தங்காது. சிறிய குவியலில் பிறக்கும் சூடு பிறந்த வேகத்திலேயே வெளியே போய்விடுகிறது.

நீங்கள் முட்டை என்று எழுதியிருப்பதில் பெரும்பாலானவை முட்டை இல்லை. எறும்பு முட்டை உற்றுப் பார்த்தால்தான் தெரியும் அளவு சிறியது. கண்ணில் பளிச்சென்று படும் குருணை போன்ற வெள்ளை மணிகள் புழுப்பருவத்திலும் கூட்டுப்புழுப் பருவத்திலும் இருக்கும் குஞ்சுகள். கொட்டாத கறுப்பு எறும்புப் புற்று எங்காவது இருந்தால், இளவெயில் ஏறும் நேரத்தில் மேலே கிடக்கும் காய்ந்த இலையை ஒரு குச்சியால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். சூடு வாங்குவதற்காகக் குஞ்சுகளை மேல் அறையில் கொண்டுவந்து அடுக்கியிருக்கும். வெயில் கடுமையானால் அத்தனையையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கும். இந்தப் பழக்கம் நமக்கும் உதவும், எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

உரம் கெட்டதா, வேர் போய்விடுமா

இரண்டுமே இல்லை. எறும்பு குடைகிற வழிகளில் காற்று உள்ளே போகிறது. ஈ வைக்கும் புழுக்களையும் செத்த பூச்சிகளையும் அது இரையாக எடுத்துக்கொள்கிறது. புற்று மண்ணைச் சோதித்த பல ஆய்வுகளில், சுற்றியுள்ள மண்ணைவிடப் பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்ற சத்துகள் கூடுதலாக இருப்பது தெரிந்திருக்கிறது. எறும்பு புழங்கிய உரம் நல்ல உரமே.

பொதுவாக எறும்பு வேரைத் தின்னாது. சில நெருப்பெறும்பு வகைகள் விதையையும் இளங்குருத்தையும் கடிப்பதுண்டு, ஆனால் நன்றாக வேர் பிடித்த செடி அதனால் சாவது அபூர்வம். தொட்டிச் செடியில் மட்டும் கவனம் தேவை. வேருக்கு நடுவே புற்று வைத்தால் மண்ணில் வெற்றிடம் விழும். ஊற்றுகிற தண்ணீர் அந்த வழியாக நேராகக் கீழே ஓடிவிடும், வேர் காய்ந்துபோகும். செடி வாடியதும் எறும்பு வேரைத் தின்றுவிட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம்.

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இன்னொரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மிளகாய்ச் செடியின் இலைக்கு அடியில் பிசுபிசுப்பு, எறும்பு ஏறி இறங்குகிறது என்றீர்களே, அது அசுவினி அல்லது மாவுப்பூச்சி. அவை செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைக் கழிவாக விடும். எறும்பு அதைக் குடித்துக்கொண்டு, அந்தப் பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டிவிடும். இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி உதிர்ந்துவிடும். மிச்சத்தைச் சோப்புக் கரைசல் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள். எறும்பால் உங்கள் தோட்டத்துக்கு நஷ்டம் ஏதாவது இருக்கிறது என்றால் அது இந்த இடத்தில்தான், உரக்குவியலில் இல்லை.

பொடி, வெந்நீர், சுண்ணாம்பு

பொடியைப் பற்றி மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன். குவியலில் தூவினால் அந்த உரத்தைக் காய்கறிக்குப் போடக் கூடாது. எறும்பு மருந்துகளில் பொதுவாக இருப்பவை சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், ஃபிப்ரோனில் மாதிரியான நஞ்சுகள். எறும்பு எது, குவியலுக்கு உழைக்கிற வண்டு எது என்று அவற்றுக்குத் தெரியாது. மக்கும் பொருளோடு ஒட்டிக்கொண்டு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்கும். நீங்கள் அதைச் செடிக்கு அள்ளிப் போடும்போது நஞ்சும் சேர்ந்துதான் போகும். டப்பாவின் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துப் பாருங்கள். எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்று அதில் இருக்கும். சீட்டில் சொல்லாத இடத்தில் பயன்படுத்துவது பல நாடுகளில் சட்டப்படியே தவறு. பழைய காலத்துக் கெமக்சின் பொடி வீட்டு மூலையில் எங்காவது கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். அந்த வகையைச் சேர்ந்த லிண்டேன் என்ற பூச்சிக்கொல்லியை 2009-லேயே, எளிதில் அழியாத நஞ்சுகளை ஒழிக்க நாடுகள் செய்துகொண்ட ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கிவிடும் நஞ்சு அது.

இன்னொன்று, மேலே தூவும் பொடி வெளியே நடமாடும் வேலைக்கார எறும்புகளைத்தான் கொல்லும். ராணி அடியில் பத்திரமாக இருக்கும். சில வகை எறும்புகளின் ராணி பல வருடம் உயிரோடிருந்து முட்டையிடும். இரண்டு வாரத்தில் கூட்டம் பழையபடி வந்து நிற்கும், பொடி மட்டும் உங்கள் உரத்தில் மிஞ்சும்.

வெந்நீர் படுகிற இடத்தில் எறும்பு சாகும், மண்புழுவும் சேர்ந்து சாகும். ஒரு சாண் இறங்குவதற்குள் ஆறிவிடும், அதனால் ராணியைத் தொடாது. முழங்கால் வலியோடு கொதிக்கிற பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, காலில் ஏறும் எறும்புகளுக்கு நடுவே நீங்கள் நிற்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

சுண்ணாம்பு போட்டால் குவியலின் காரத்தன்மை ஏறி, உள்ளே இருக்கும் தழைச்சத்து அம்மோனியா வாயுவாகப் பறந்துபோகும். மூக்கில் ஏறும் அந்த நெடி உங்கள் செடிக்குப் போக வேண்டிய சத்து. சாம்பலை அள்ளிக் கொட்டினாலும் இதே கதைதான்.

போராக்ஸை வெல்லமோ சர்க்கரையோ கரைத்த நீரில் கலந்து வைக்கும் இரை உண்மையில் வேலை செய்யும். 100 மில்லி நீருக்கு 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போராக்ஸ். அளவு கூடினால் குடித்த எறும்பு வழியிலேயே செத்துவிடும், புற்றுக்குள் கொண்டுபோய்க் குஞ்சுக்கும் ராணிக்கும் ஊட்டாது. ஆனாலும் உங்கள் வீட்டில் ஐந்து வயதுக் குழந்தை இருக்கிறது. குழந்தை வாயில் வைத்தால் ஆபத்து. அதனால் இதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எறும்பு மட்டும் நுழைகிற அளவு ஓட்டை போட்ட, பூட்டக்கூடிய டப்பாவில், குவியலுக்கு வெளியே அவை போகும் தடத்தில் வைக்க வேண்டும். குவியலுக்குள் ஊற்றக் கூடாது. போராக்ஸில் இருக்கும் போரான் என்ற சத்து செடிக்குத் துளியளவு போதும், கொஞ்சம் கூடினாலே இலை ஓரம் கருகும்.

இதைச் செய்து பாருங்கள்

இந்த வேலையை நீங்கள் செய்யக் கூடாது. மகன் செய்யட்டும். குவியலை அள்ளி வெளியே போடவும் அவர் இதே அளவு வேலை செய்துதான் ஆக வேண்டும். அந்த நேரத்தை இதற்குக் கொடுக்கச் சொல்லுங்கள். ரப்பர் பூட்ஸ், முழு கால்சட்டையை உள்ளே செருகிய காலுறை, கையுறை, முகக்கவசம் எல்லாம் போட்டுக்கொள்ளட்டும். முகக்கவசம் எறும்புக்காக இல்லை. காய்ந்த மக்கிலிருந்து கிளம்பும் தூசியில் பூஞ்சை வித்துகள் இருக்கும், நுரையீரலுக்கு நல்லதில்லை. மூச்சிரைப்பு உள்ளவர்கள் அந்த நேரத்தில் பக்கத்தில்கூட நிற்க வேண்டாம்.

முதல் நாள் மாலை பூவாளியால் மெல்ல மெல்ல நனையுங்கள். காய்ந்த சருகு சட்டென்று நீரை வாங்காது, குழாயைத் திறந்துவிட்டால் மேலோடு வழிந்து ஓடிவிடும். நெருப்பெறும்புக்கு வேறு ஒரு வித்தையும் தெரியும். வெள்ளம் வந்தால் ஒன்றோடொன்று கால் கோத்துக்கொண்டு, குஞ்சுகளையும் ராணியையும் தாங்கித் தெப்பம்போல் மிதக்கும். மொத்தமாக நீரைக் கொட்டினால் அந்தத் தெப்பம் உங்கள் கை பக்கம்தான் ஒதுங்கும். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டு விட்டு ஊற்றுங்கள்.

மறுநாள் விடியற்காலையில், எறும்பு சுறுசுறுப்பாகும் முன், குவியலைச் சுவரிலிருந்து நாலு அடி தள்ளிப் புது இடத்துக்கு மாற்றட்டும். மண்வெட்டியின் காம்பு நீளமாக இருக்கட்டும். பழைய குவியலின் மேல்பக்கம் புதியதின் அடியில் வரும்படி, ஒரு அடுக்கு ஈரக் கழிவு, அதுபோல் இரண்டு அடுக்கு சருகு என்று போட்டுக்கொண்டே வந்து, ஒவ்வொரு அடுக்கையும் நனைக்கட்டும். உங்களிடம் சருகு நிறைய, பச்சை குறைவு. வெட்டிய புல், பச்சை இலை, சாணம், எது கிடைத்தாலும் இந்தச் சமயத்தில் சேர்த்து இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஈரச் சாக்கு போட்டு மூடுங்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நீளமான இரும்புக் கம்பி ஒன்றை நடுவில் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். நுனியைப் பிடித்தால் கை தாங்காமல் விட்டுவிட வேண்டும். அப்படியானால் சூடு பிடித்துவிட்டது. வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் இன்னும் கொஞ்சம் பச்சைக் கழிவும் தண்ணீரும் கேட்கிறது என்று அர்த்தம். சூடு இறங்கும்போது மறுபடி புரட்ட வேண்டும். நாலைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை புரட்டினால் எப்பேர்ப்பட்ட எறும்புக் கூட்டமும் வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

சூடு அடங்கி, உரம் பதப்படும் மாதங்களில் ஒன்றிரண்டு கறுப்பு எறும்பு திரும்ப வரலாம். கொட்டாத எறும்பு என்றால் விட்டுவிடுங்கள், ஈரம் மட்டும் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செடிக்குப் போடும் முன் உரத்தை இரண்டு விரல் கனத்துக்கு விரித்து அரை நாள் விட்டால், மிச்சம் இருப்பவை குஞ்சைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். பின்னாளில் மண்புழு உரம் போட ஆசைப்பட்டால் மட்டும் இந்தத் தாராளம் வேண்டாம். அங்கே எறும்பு மண்புழுவையே தாக்கும். தொட்டியைச் சுற்றி நீர் நிற்கும் வாய்க்கால் கட்டாயம் வேண்டும்.

புரட்டும்போது வெளிறிய வெள்ளை நிறத்தில், இடுப்பு ஒடுங்காமல், உணர்கொம்பு வளையாமல் நேராக உள்ள பூச்சிகள் தென்பட்டால் அது கரையான். எறும்புக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். கரையான் உரத்துக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் மரச்சட்டம், கதவு நிலை பக்கம் குவியல் ஒட்டியிருந்தால் அது வேறு பிரச்சினை. சுவரிலிருந்து தள்ளச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்து வீடு

உங்கள் இடத்தில் உரம் தயாரிப்பது பொதுவாகத் தடை செய்யப்பட்ட காரியம் இல்லை. ஆனால் எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதற்கு உள்ளாட்சி விதி இருக்கலாம், ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நாற்றம், ஈ, எலி வந்தால் அக்கம்பக்கத்தார் புகார் செய்ய நியாயம் உண்டு, அப்போது நீங்கள் சரிசெய்துதான் ஆக வேண்டும். எறும்பு அப்படி இல்லை. ஒரு சமையலறையில் திரியும் எறும்பு எந்தப் புற்றிலிருந்து வந்தது என்று பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. பல சமயம் அந்த வீட்டுச் சுவர் விரிசலிலேயே, தரை ஓட்டுக்கு அடியிலேயே புற்று இருக்கும்.

வாக்குவாதம் வேண்டாம். ஒரு மாலை டார்ச்சோடு அவர் வீட்டுக்குப் போய், "வாங்க, வரிசை எங்கே போகிறது என்று சேர்ந்தே பார்ப்போம்" என்று சொல்லுங்கள். சமையலறையிலிருந்து பின்தொடர்ந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவர் பக்கத்திலேயே புற்று இருந்தால் விரிசலை அடைக்கலாம். எறும்பு வாசனை வைத்து நடந்த தடத்தைச் சோப்பு நீரால் துடைக்கலாம். உங்கள் குவியல்தான் என்று தெரிந்தால், மாற்றி வைக்கப் போவதை நாள் குறிப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: அவரும் மதில் ஓரத்தில் மருந்து தெளிக்க வேண்டாம். மழை பெய்தால் அது உங்கள் மண்ணுக்குத்தான் வரும்.

கொல்ல மனசு வராதது பற்றி

நான் சொன்ன வழியில் பெரும்பாலானவை சாகாது. நனைத்த அன்றிரவே சில தடங்கள் குவியலைவிட்டு வெளியே நீள்வதைப் பார்ப்பீர்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைக் குஞ்சு இருக்கும். முன்னே சொன்ன அதே பழக்கம்தான். குஞ்சுக்கு இடம் ஒத்துவரவில்லை என்றால் எறும்பு அங்கே இருக்காது. இரண்டு, மூன்று நாள் அந்தத் தடத்தை யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கே போய்ச் சேர்கின்றன என்பதையும் கவனியுங்கள். கொல்லையின் ஏதோ ஓரம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். பேரன் விளையாடும் இடமோ நடைபாதையோ என்றால் அங்கேயும் தினம் ஒரு வாளி தண்ணீரை மெதுவாக ஊற்றி, நீளக் குச்சியால் மண்ணைக் கிளறிவிடச் சொல்லுங்கள், மறுபடி நகர்ந்துவிடும். நகராமல் அங்கேயே ஊன்றிக்கொண்டு, பேரனை இன்னொரு தடவை கொட்டிவிட்டால், அந்த இடத்தில் மட்டும் பூட்டிய டப்பாவில் போராக்ஸ் இரையை வையுங்கள். அப்போது தயங்க வேண்டாம் அம்மா.